தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய கீரை யாருக்கு?



பள்ளியில் வேலை பார்த்த நாட்களில், மதிய உணவு வேளையில் வரிசைக்கு வரிசை நடந்து பார்ப்பது என் வழக்கம். சாதம் காலியாகும், சாம்பாரும் காலியாகும். தட்டின் ஓரத்தில் மட்டும் கீரை, அவரைக்காய், கேரட் எல்லாம் குட்டி மலையாகக் குவிந்திருக்கும். "ஏன் கண்ணு சாப்பிடலே?" என்றால், "பிடிக்கலே டீச்சர்!" என்று பதில் வரும். "சாப்பிடு, கண்ணுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு நானும் நகர்ந்து விடுவேன். அது பாதி பதில்தான் என்பது, ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் எனக்கே புரிந்தது.

சமீபத்தில் ஐந்தாவது படிக்கும் என் பேத்தி, கடையில் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டி, "பாட்டி, இதுல நல்ல பாக்டீரியா இருக்காம். இதைக் குடிச்சிட்டா கீரையே வேண்டாம், இல்லையா?" என்றாள். கெட்டிக்காரி! ஆனால், கணக்குதான் தப்பு.

நல்ல பாக்டீரியா என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. அன்றைய ரஷ்யப் பேரரசில், 1845ல் பிறந்த மெட்ச்னிகாஃப் என்ற விஞ்ஞானி, பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தார். நோய் எதிர்ப்பு ஆற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக, 1908ல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரியா நாட்டு விவசாயிகள் நீண்ட நாள் வாழ, அவர்கள் சாப்பிடும் தயிரே காரணம் என்று நம்பினார். அந்தத் தயிரிலுள்ள பாக்டீரியாவை, 1905ல் கிரிகோரோவ் என்ற பல்கேரிய இளைஞர் கண்டுபிடித்திருந்தார். மெட்ச்னிகாஃப் தினமும் புளித்த பால் குடித்து வந்தார். 71 வயதில் காலமானார்.

அவர் சொன்னதில் பாதி சரி. குடலில் வாழும் கிருமிகளுக்கும், நம் ஆரோக்கியத்துக்கும் தொடர்பு உண்டு. ஆனால், தயிர் பாக்டீரியா நம் குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. விருந்தாளி மாதிரி வரும்; சில நாளில் போய்விடும். (இட்லி மாவில் உள்ளவையோ, ஆவியில் வெந்து வயிற்றுக்குள் போகும் முன்பே இறந்து விடும், பாவம்!) பாட்டிலில் வருவதும் பெரும்பாலும் விருந்தாளிதான்.

அப்படியானால் வீட்டுக்காரர்கள் யார்?

உங்கள் பெருங்குடலில் ஏற்கனவே குடியிருப்பவர்கள்தான். பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. எல்லாவற்றின் எடையும் சேர்ந்து சுமார் 200 கிராம். நம் செல்களை விட பத்து மடங்கு என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 2016ல் விஞ்ஞானிகள் மறுபடி கணக்குப் போட்டு, ஏறக்குறைய சமம்தான் என்று காட்டி விட்டனர். பழைய மாணவர்கள் மன்னிக்கவும்!

இவர்களுக்குப் பசிக்காதா? சர்க்கரை, மாவு, எண்ணெய் எல்லாவற்றையும் பெரும்பாலும் சிறுகுடலே எடுத்துக் கொள்கிறது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து மட்டும்தான் அவர்கள் வீடு வரை போகும். அதைத் தின்று, பியூட்டிரேட் போன்ற பொருட்களை அவை உண்டாக்கும். நம் பெருங்குடலின் உள்சுவருக்கு அதுதான் சாப்பாடு. நார்ச்சத்தே கொடுக்காமல் வளர்த்த எலிகளின் குடலில், பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கியதை, 2016ல் கண்டறிந்தனர்.

மனிதர்களிடமும் ஒரு சோதனை நடந்தது. 2015ல் வெளியானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் கறுப்பினத்தவர் 20 பேர், தென்னாப்பிரிக்க கிராமத்தவர் 20 பேர். இரண்டே வாரத்துக்கு சாப்பாட்டை மாற்றிக் கொண்டார்கள். நகரத்தாருக்கு நார்ச்சத்து நிறைந்த கிராமத்து உணவு. கிராமத்தாருக்கு கொழுப்பு மிகுந்த ஹாம்பர்கர் வகையறா. நகரத்தாரின் குடலில் பியூட்டிரேட் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. குடல் சுவரின் அழற்சி குறைந்தது. கிராமத்தாருக்கு எல்லாம் தலைகீழ்! இரண்டே வாரம் குழந்தைகளே... காலாண்டு விடுமுறையை விட சற்றுதான் அதிகம்.

நூறு வயது வாழலாம் என்றெல்லாம் ஆசை காட்ட மாட்டேன். ஆனால், நார்ச்சத்து அதிகம் சாப்பிடுவோரிடம், குறைவாகச் சாப்பிடுவோரை விட இறப்பு விகிதம் 15 முதல் 30 சதவீதம் வரை குறைவு என்று, பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்து, 2019ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். 6 முதல் 9 வயது வரை தினம் 21 கிராம், 10 வயதுக்கு மேல் 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது, 2023ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு.

தயிர், பழைய சோறு எல்லாம் நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால், விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு, வீட்டுக்காரரைப் பட்டினி போடலாமா? சுண்டல், கேழ்வரகு, வாழைத்தண்டு, ஜூஸாக்காமல் கடித்துத் தின்னும் கொய்யா... இவையெல்லாம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். ஒரே நாளில் அள்ளிப் போட்டால் வயிறு உப்பும். வகுப்பில் மானம் போகும்! கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் குடியுங்கள்.

என் பேத்தி இப்போது சுண்டல் கிண்ணத்தை எடுக்கும் போதெல்லாம், "எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு" என்று எண்ணிப் போட்டுக் கொள்கிறாள். முருங்கைக் கீரை மட்டும் இன்னும் தட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது.