பதிவேட்டில் ஏறாத ஊசிக் காயங்கள்

மழைக்காலம் தொடங்கினால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அவ்வாறு வேலையிழந்த தலித் பெண் ஒருவர், ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக மருத்துவமனைத் தூய்மைப் பணியில் சேர்ந்தார். பொதுக் குப்பைப் பையைத் தூக்கியபோது, உள்ளே கிடந்த ஊசி அவரது உள்ளங்கையில் குத்தியது. கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடருமாறு மேற்பார்வையாளர் கூறினார். எவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு வாரம் கழித்தே அவர் என்னைச் சந்தித்தார்.

அந்த ஒரு வாரம்தான் இங்கே முதன்மையான இழப்பு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை சில மணி நேரத்திற்குள், தவறினால் 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். தொற்றுள்ள ஊசி குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ்-பி பரவும் வாய்ப்போ 30 விழுக்காடு வரை செல்லும். அவருக்கு அந்தத் தடுப்பூசியும் போடப்பட்டிருக்கவில்லை.

சட்டம் இவற்றைப் பற்றி மௌனமாக இல்லை. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, ஊசிகளைத் துளைபடாத வெள்ளைக் கலனில் மட்டுமே இடவேண்டும் என்கின்றன. கழிவைக் கையாளும் அனைவருக்கும் பயிற்சி, ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி, பாதுகாப்புக் கவசம், ஆண்டுதோறும் உடற்பரிசோதனை ஆகியவற்றை அளிப்பது மருத்துவமனையின் கடமை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், 2017-இன் 19-ஆம் பிரிவு, தொற்று அபாயத்திற்கு உள்ளாகும் பணியாளர் அனைவருக்கும் தடுப்பு மருந்தை உறுதிசெய்கிறது. ‘அவர் ஒப்பந்தக்காரரின் ஆள்’ என்ற வாதத்திற்கு இச்சட்டங்களில் இடமில்லை.

ஆயினும் அதே 2016 விதிகளில் ஓர் ஓட்டை உண்டு. ‘பெரும் விபத்து’ என்பதன் வரையறையிலிருந்து ஊசிக் காயம் வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளது. எனவே அது உடனடி அறிக்கைக்கு உரியதன்று; ஆண்டறிக்கையில் ஓர் எண்ணாக இடம்பெற்றால் போதும். அந்த எண்ணையும் மருத்துவமனையே நிரப்புகிறது. பூச்சியம் என்று எழுதப்பட்டிருந்தால், எவருக்கும் குத்தவில்லை என்று பொருளல்ல. குத்தியதை எவரும் பதியவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

ஊசியைத் தவறான பையில் போட்டவர் ஒருவர். அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவர். தூய்மைப் பணி இன்றளவும் பெரும்பாலும் தலித்துகளின் மீதே சுமத்தப்படும் நாட்டில், அந்த வேறொருவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காயம் பதியப்படாவிடில் பணிசார் நோய்க்கான இழப்பீட்டு வழக்கில் சான்றும் இல்லாமல் போகிறது. செவிலியருக்கும் இதே ஆபத்து உண்டு. ஆனால் உடனே யாரிடம் செல்வது என்பதையேனும் அவர் அறிவார்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று: பணியில் சேருமுன் தடுப்பூசி; இரவிலும் கிடைக்கும் தடுப்பு மருந்து; காயப்பட்டவர் கையொப்பமிட்டு நகல் பெறும் பதிவேடு. இவற்றுக்காகக் காத்திருக்காமல், ஊசி குத்திய அன்றே எழுத்துமூலம் புகாரளித்து ஒப்புகை பெறுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையின் ஆண்டறிக்கையையும் கேட்டுப் பெறுவோம். பூச்சியங்களைக் கேள்விக்கு உட்படுத்துவோம்.