கழித்த லேயரும் கணக்கில் வராத வளவும்

2023 ஏப்ரல் வர்த்தமானியில் இலங்கை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை முட்டைக்கு நிறை விலையையும் விதித்தது: வெள்ளை கிலோ 880 ரூபாய், பழுப்பு 920. ஒற்றை முட்டையின் உச்ச விலை அப்போது 44, 46 ரூபாய்தான். 50 கிராம் முட்டையை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். நிறைக்கு விலை என்பதை இவ்விதழ் வரவேற்கிறது. 60 கிராம் பழுப்பு முட்டை அந்த நிறை விலைப்படி 55 ரூபாய் பெற்றது. வயதான லேயர் (முட்டைக் கோழி) இடுவது அத்தகைய முட்டைதான்.

ஆனால் தீவனச் செலவு முட்டை விலையை முட்டும் நாளில் எந்தப் பண்ணையாளரும் கோழிக்கு 80 வார வயதாகும் வரை பொறுத்திருக்க மாட்டார். மந்தையை முன்கூட்டியே கழிப்பார். கூட்டிலிருந்து கழிக்கப்படும் கோழியைச் சட்டிக்கு அனுப்பாமல் வீட்டு வளவில் விட விரும்புவோரும் உண்டு. இங்கிலாந்தில் 2005 முதல் ஓர் அறக்கட்டளையே இதைச் செய்கிறது. யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் அதைச் செய்யக்கூடியவர் பண்ணை வாசலில் நாலைந்து கோழிக்குப் பேரம் பேசும் வீட்டுக்காரர்தான். அவரை ஊக்குவிக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

பராமரிப்பைப் பற்றி நீட்டத் தேவையில்லை. எலும்பு நலிந்த கோழிக்குத் தாழ்ந்த தடி, லேயர் தீவனம், இடித்த சிப்பி. கம்பித் தரையில் வளர்ந்ததற்கு கொக்சிடியா எதிர்ப்பு இராது. முதல் வாரங்களில் எச்சத்தைப் பாருங்கள். கருப்பாதை அழற்சியில் சில கோழிகள் போகும் என்பதை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எம்மை உறுத்துவது இராணிக்கட் நோய். தடுப்பூசி பெற்ற லேயர் நோய்க்குறி காட்டாமலே வைரஸை வெளியேற்றக்கூடும். அதே வேலிக்குள் நிற்கும் ஊர்க்கோழிக்கு அந்தக் காப்பு இல்லை. புதிதாக வந்த கோழி நலமாக மேய, பழைய கோழிகள் ஒரு வாரத்தில் முடிந்துபோகலாம். தடுப்பு மருந்துப் போத்தலோ நூற்றுக்கணக்கான கோழிகளுக்கென நிரப்பப்பட்டது. கரைத்தால் ஓரிரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். எட்டுக் கோழிக்காரி அதை என்ன செய்வாள்? வெப்பம் தாங்கும் ஐ-2 கண்சொட்டு மருந்து குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, அதன் மூலவித்து வளர்முக நாடுகளுக்குக் கட்டணமின்றி வழங்கப்பட்டது. மொசாம்பிக்கும் தான்சானியாவும் அதைக் கிராமக் கோழிகளுக்குப் பயன்படுத்தின. இங்கோ, போருக்குப் பின் வாழ்வாதாரம் என்று பெண் தலைமைக் குடும்பங்களுக்குக் குஞ்சு பங்கிட்டபோது படம் எடுக்க வந்தவர்கள், அந்தக் குஞ்சு கோழியான பிறகு வளவுக்குத் திரும்பி வந்தார்களா? அவள் சந்தையில் விற்ற பத்து முட்டைக்கும் 2023இல் உச்ச விலை இருந்தது. அந்த முட்டையிட்ட கோழிக்குத் தனியே ஒரு சொட்டு மருந்து கிடைப்பது அரிது. விலை என்றால் வளவு அரசின் கண்ணுக்குத் தெரிகிறது, நோய் என்றால் மறைந்துவிடுகிறது. கொழும்புக்கு இது சிறு விடயம். வளவுக்கு இதுதான் முழு மந்தை.

கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் வளவுக் கோழிகளைப் பதிவுசெய்து, சிறு அளவுப் போத்தலும் கண்சொட்டு முறையும் கொண்டுவர வேண்டும். அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். கழித்த கோழி வாங்கும் வீட்டில் முதலில் ஊர்க்கோழிக்கு மருந்து போடுங்கள். ஒரு போத்தலுக்கு ஒழுங்கையின் எல்லா வீடுகளையும் ஒரே காலையில் சேருங்கள். புதியவற்றை இரண்டு வாரம் தனியே அடையுங்கள். அதற்குச் சம்மதிக்காதவருக்குக் கோழி வாங்கிக் கொடுக்காதீர்கள்.