கைப்பேசியில் குடியிருக்கும் அரக்கன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

ஒருவனைப் பற்றி அறிய வேண்டுமானால் அவன் நண்பர்களைப் பார் என்பார்கள் பெரியோர்கள். இந்நாளில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அவன் கைப்பேசியைத் திறக்கும்போது எட்டிப் பார்த்தாலே போதும் என்று பலர் எண்ணுகிறார்கள்.

அப்படி எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர், ஆவடியிலிருந்து கிளம்பிய மின்சார ரயிலில் என்னிடம் கேட்டார்: "படிக்கிற பிள்ளை கையில பேய்ப் படமா தம்பி?" நான் பதில் சொல்லவில்லை. படத்தை மறைத்துக்கொண்டேன். மறைத்தது ஏன் என்று அன்றிலிருந்து எண்ணி வருகிறேன். அந்த எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

பேயா, அரசனா?

அந்தப் படத்தில் இருப்பவன் பெயர் சுகுனா. ஜப்பானியரான கெகே அகுடாமி எழுதி வரைந்த 'ஜுஜுட்சு கைசென்' என்னும் சித்திரக்கதையின் வில்லன். 2018-இல் தொடங்கி 2024-இல் முடிந்த அக்கதை, 2020 முதல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து உலகெங்கும் பரவியது. முகத்தில் கருங்கோடுகள், கண்களுக்குக் கீழே மேலும் இரு கண்கள், உதட்டில் ஏளனச் சிரிப்பு. 'சாபங்களின் அரசன்' என்பது அவனுக்குக் கதையில் உள்ள பட்டம்.

இவனை நம் ஊரிலும் காணலாம். ஆவடி கடைகளில் தொங்கும் கைப்பேசி உறைகளில் இருக்கிறான். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாலையில் உலவும் இளைஞர்களின் சட்டையில் இருக்கிறான். என் பெஞ்சில் அமரும் நால்வரில் இருவர் கைப்பேசியில் இருக்கிறான். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' திரைப்படம் தமிழ் பேசிக்கொண்டே நம் திரையரங்குகளுக்கு வந்துவிட்ட பிறகு, ஜப்பானியக் கதை நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஏன் நாயகனை விட்டு வில்லனை வைக்கிறாய் என்று நண்பன் ஒருவனைக் கேட்டேன். "கறுப்புப் படம் வைத்தால் சார்ஜ் நிற்கும்" என்றான். இயற்பியல் மாணவன் அல்லவா! ஓ.எல்.இ.டி. திரையில் அது உண்மைதான். அங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கறுப்பு என்றால் அப்புள்ளி அணைந்திருக்கிறது என்று பொருள். ஆனால் அவனுடையதும் என்னுடையதும் விலை குறைந்த எல்.சி.டி. திரைகள். பின்னால் உள்ள விளக்கு படம் கறுப்பானாலும் வெளுப்பானாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே அந்தச் சாக்கு எங்கள் இருவருக்கும் பொருந்தாது.

உண்மைக் காரணம் வேறு. சுகுனா யாருக்கும் தலைவணங்குவதில்லை. நாமோ காலையில் கண்விழித்தது முதல் வணங்கிக்கொண்டே இருக்கிறோம். பேருந்து நடத்துனரிடம், உதவித்தொகைப் படிவத்தில் கையொப்பமிடும் அலுவலரிடம், பகுதிநேர வேலை தரும் முதலாளியிடம் நாம் பேசும் குரல் ஒன்று. மனத்துக்குள் பேசும் குரல் மற்றொன்று. அந்த இரண்டாம் குரலுக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. அந்த முகத்தைத்தான் கைப்பேசியில் வைத்துக்கொள்கிறோம். இதைப் புரிந்துகொள்ளாமல் 'இளைஞர் சமுதாயம் கெட்டுவிட்டது' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது.

சுவரில் தொங்கிய படங்கள்

படம் வைத்துக்கொள்வது நமக்குப் புதிதன்று. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் தீட்டிய முருகனும் இலட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாக நம் குடிசைச் சுவர்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். பக்கத்திலேயே எம்.ஜி.ஆர். சிரித்துக்கொண்டிருப்பார். ஆனால் என் தாத்தாவின் சுவரில் நம்பியார் படம் இருந்ததில்லை. நம்பியார் சொந்த வாழ்வில் ஆண்டுதோறும் சபரிமலை சென்ற பக்தர் என்பதை அறிந்தும் தாத்தா அவர் படத்தை மாட்டவில்லை. சுவருக்கு உரியவர் கும்பிடத்தக்கவர் என்பது அவர் கணக்கு.

வில்லனை நாயகனாக்கியதும் நமக்குப் புதிதன்று. புலவர் குழந்தை 1946-இல் 'இராவண காவியம்' படைத்தார். 1948-இல் அரசு அதற்குத் தடை விதித்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. சுகுனாவுக்கும் இத்தகைய ஒரு பழங்கதை உண்டு. கி.பி. 720-இல் தொகுக்கப்பட்ட 'நிஹோன் ஷோகி' என்னும் ஜப்பானிய வரலாற்று நூல், இரு முகமும் நான்கு கைகளும் கொண்ட சுகுனா என்பவன் ஹிடா பகுதியில் மக்களைக் கொள்ளையிட்டான் என்றும், அரசன் அனுப்பிய படைத்தலைவன் அவனைக் கொன்றான் என்றும் கூறுகிறது. ஆனால் அந்த ஹிடா பகுதி மக்களோ அவனைத் தங்கள் வீரனாகப் போற்றுகிறார்கள். அங்குள்ள சென்கோஜி கோயிலில் எங்கு என்னும் துறவி செதுக்கிய அவன் சிலை இருக்கிறது. தலைநகரம் அரக்கன் என்றவனை ஊர் தலைவன் என்கிறது! இராவணனைப் பற்றி வாதிட்ட தமிழ் மண்ணுக்கு இது விளங்காததன்று.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. புலவர் குழந்தை இராவணனை ஏன் போற்றுகிறார் என்பதற்குக் காரணம் காட்டி ஒரு காவியமே எழுதினார். நாம் காரணம் எதையும் எண்ணாமல் ஒரு படத்தை மட்டும் இறக்கிக்கொண்டோம்.

அப்பா கேட்ட கேள்வி

என் தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் உதவியாளர். ஒருநாள் இரவு, மறுநாள் ஷிஃப்டைப் பற்றிக் கேட்க சூப்பர்வைசரை அழைக்க என் கைப்பேசியை வாங்கினார். திரையைப் பார்த்துவிட்டு, "யார்டா இவன், நாலு கண்ணோட?" என்றார்.

"ராஜாப்பா."

"ஜனத்துக்கு நல்லது பண்ண ராஜாவா?"

ரயில் பெரியவர் திட்டியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா கேட்டபோது பதிலே வரவில்லை. அவர் அந்தப் படத்தைப் பழிக்கவில்லை. தாத்தா சுவருக்குப் போட்ட அதே கணக்கைத்தான் கேட்டார்.

கதையை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். ஷிபுயா நகரில் சுகுனா வலிமையைக் காட்டும் காட்சியை நாங்கள் எத்தனை முறை பார்த்துக் கைதட்டியிருப்போம்! அந்தச் சண்டையில் கட்டடங்கள் சரிகின்றன. பெயர் தெரியாத மக்கள் கூட்டமாக மடிகிறார்கள். அவர்கள் யார்? வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களும் தெருவில் நின்றவர்களும்தானே? அவன் ஆவடிக்கு வந்தால் அவன் காலடியில் முதலில் நசுங்குவது ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் என் தந்தைதான். யாருக்கும் தலைவணங்காதவன் என்று நாம் போற்றுகிறவன், தலைவணங்கிப் பிழைப்பவரைப் புழுவாக எண்ணுகிறவன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நம் வால்பேப்பர்களில் பெரும்பாலும் இருப்பது சுகுனாவின் சொந்த முகமே அன்று. அது இடடோரி யூஜி என்னும் மாணவனின் முகம். பிறரைக் காக்கச் சாபப் பொருளான ஒரு விரலை விழுங்கியதால், அந்த அரக்கனைத் தன் உடலில் சுமப்பவன் அவன். ஷிபுயாவில் தன் கைகளால் நடந்த அழிவைக் கண்டு மண்ணில் விழுந்து கதறியவனும் அவனே. நாம் வீரம் என்று ரசிக்கும் முகம், பறிபோன ஒரு பிள்ளையின் முகம்!

மாணவ நண்பர்களே! யார் திட்டினாலும் அதற்காகப் படத்தை மாற்ற வேண்டாம். ஆனால் நாம் சுமப்பது யாரை என்று தெரிந்து சுமப்போம். தலைவணங்காமை வேண்டும், அது நம்மைவிட மேலே இருப்பவரிடம் காட்ட வேண்டியது, கீழே இருப்பவரிடம் அன்று. பேராசிரியப் பெருமக்களே! கைப்பேசியில் அரக்கனைக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள். "யாரப்பா இவன்? நல்லவனா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். படத்தைப் பிடுங்கினால் மறைத்து வைப்போம். கேள்வி கேட்டால் சிந்திப்போம்.

என் கைப்பேசியில் இன்றும் அந்தப் படம் இருக்கிறது. ஆனால் அப்பாவிடம் பதில் சொல்லிவிட்டேன்: "நல்ல ராஜா இல்லப்பா. அந்த முகம் மட்டும் ஒரு நல்ல பையனோடது." அவர் மீண்டும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தப் பையன் படத்தையே வைக்கலாமே" என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறேன். சுகுனா கிடைக்கிற அளவுக்கு யூஜி எளிதில் கிடைப்பதில்லை.