வீட்டைப் பார்க்க வருபவர் எப்போது வரவேண்டும்?

காப்புறுதி நிறுவனத்தின் பரிசோதகர் ஒரு வீட்டுக்கு இரு தடவைகள் வரலாம். ஒன்று, காப்புறுதி வழங்குவதற்கு முன்னர். மற்றையது, அனர்த்தம் நிகழ்ந்த பின்னர். நான் கண்டவரையில் எமது நாட்டில் முதலாவது வருகை பெரும்பாலும் பெயரளவிலானதே. இரண்டாவது வருகைதான் வீட்டுக்காரரின் கையில் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த நிலை மாறவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கியது. மதுரங்குளியை அடுத்த கனமூலை போன்ற கிராமங்களில் வீடு என்பது பல வருட உழைப்பு. மத்திய கிழக்கிலிருந்து அனுப்பப்படும் பணத்தில் அறை அறையாக எழுப்பப்படுவது. அத்தகைய வீட்டுக்குத் தாமாகவே முன்வந்து காப்புறுதி பெறுவோர் எத்தனை பேர்? வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த வியாபாரம் என்று மார்க்க அடிப்படையில் தயங்குவோர் உளர். அவர்களுக்காகவே தகாபுல் முறை வந்தது. ஏனையோரில் பலர் வங்கிக் கடனுக்காகவே காப்புறுதி பெறுகின்றனர். மதிப்பீட்டாளரின் கட்டணத்தைச் செலுத்துபவர் கடன் பெறுபவர். அறிக்கையோ வங்கியின் கோவைக்குள் போய்விடுகிறது.

இதன் விளைவு பாரதூரமானது. வீட்டுக் காப்புறுதியில் 'சராசரி விதி' என்றொன்று உண்டு. மீளக் கட்டுவதற்கு ஒரு கோடி ரூபா தேவைப்படும் வீட்டை 50 இலட்சத்துக்கே காப்புறுதி செய்திருந்தால், 20 இலட்சம் ரூபா சேதத்துக்கு 10 இலட்சமே கிடைக்கும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் சீமெந்து, கம்பி விலைகள் எங்கே போயின என்பதை நாம் அறிவோம். அதற்கு முன்னர் எழுதப்பட்ட தொகையை மாற்றாமல் தவணைக் கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்தி வருபவர், தாம் அரைவாசிக் காப்புறுதியோடுதான் இருக்கிறார் என்பதை வெள்ளம் வடிந்த பின்னரே அறிகிறார்.

அரசாங்கம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக, மக்களிடம் கட்டணம் அறவிடாமல், ஒரு வீட்டுக்கு 25 இலட்சம் ரூபா வரையிலான இயற்கை அனர்த்தக் காப்புறுதி ஆரம்பிக்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் அங்கும் மதிப்பீடு நடப்பது அனர்த்தத்தின் பின்னரே. கூரை பறந்த பின்னர் அதன் நிலையைக் குறித்துக்கொள்வதால் அடுத்த கூரை பலமாகிவிடாது.

அமெரிக்காவின் புளோரிடாவில் 1992ஆம் ஆண்டின் அன்ட்ரூ சூறாவளி பெரும் பாடத்தைக் கற்பித்தது. கூரை சுவரோடு எப்படிப் பிணைக்கப்பட்டுள்ளது, யன்னல்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்பவை இன்று அங்கு பரிசோதிக்கப்படுகின்றன. காற்றைத் தாங்கும் வீட்டுக்குக் கட்டணக் கழிவு வழங்கவேண்டும் என்பது சட்டம். எமது மக்கள் பெருமளவில் வாழும் டொரன்டோவில், நிலக்கீழ் அறைக்குள் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பொருத்த மாநகர சபை மானியம் வழங்குகிறது. அங்கும் குறையில்லாமல் இல்லை. கூரை பழையது என்று கூறிக் காப்புறுதியைப் புதுப்பிக்க மறுக்கும் நிறுவனங்கள் புளோரிடாவில் உண்டு. பரிசோதனை ஏழையை வெளியே தள்ளும் கருவியாகவும் மாறலாம் என்பதற்கு அது சான்று.

ஆகவே பரிசோதனை வேண்டும் என்பதோடு நின்றுவிட முடியாது. எப்படி என்பதையும் கேட்கவேண்டும். அறிக்கையின் பிரதி வீட்டு உரிமையாளரின் மொழியில் அவர் கைக்கு வரவேண்டும். குறையைச் சீர்செய்ய அவகாசம் தரவேண்டும். சீர்செய்தவரின் கட்டணம் குறையவேண்டும். காப்புறுதித் தொகை போதாதென்றால் புதுப்பிக்கும்போதே எழுத்தில் எச்சரிக்கவேண்டும். இவற்றை விதியாக்கும் பொறுப்பு இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு உண்டு.

வாசகர்களுக்கு ஒன்று. ஊரில் பெற்றோரின் வீட்டுக்குக் கட்டணம் செலுத்துவோர் இன்றே ஒப்பந்தத்தை எடுத்து அதிலுள்ள தொகையைப் பாருங்கள். அத்தொகைக்கு அந்த வீட்டை இன்று கட்ட முடியுமா என ஒரு மேசனிடம் கேளுங்கள். அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் செய்யவேண்டிய வேலை அது.