முப்பது நாள் கடன் விசாரணை

அட்லாண்டா விமான நிலையத்தின் பெயரில் இரண்டு மேயர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஹார்ட்ஸ்ஃபீல்டு, மற்றவர் மேனார்ட் ஜாக்சன். ஜாக்சனின் பெயர் 2003இல், அவர் இறந்த பிறகு சேர்ந்தது. வெறும் மரியாதைக்காகச் சேர்த்த பெயர் என்று அதைக் கடந்துவிட எனக்கு மனமில்லை. அந்தக் கட்டடத்தை யார் கட்டுவது என்பதற்காகவே அவர் தன் பதவிக்காலத்தின் பெரும் சண்டையைப் போட்டார்.

1974 ஜனவரியில், 35 வயதில் ஜாக்சன் மேயரானார். அமெரிக்கத் தென்மாநிலப் பெருநகரம் ஒன்றில் கறுப்பினத்தவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. நகர மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். மாநகராட்சி ஒப்பந்தங்களில் அவர்களைப் போன்ற சிறுபான்மை இனத்தவருக்குக் கிடைத்ததோ ஒரு சதவீதம்கூட இல்லை. வரியை எல்லோரிடமும் வாங்கி, வேலையைச் சிலருக்கே கொடுத்துவந்த நகரம் அது.

அப்போது புதிய விமான நிலைய முனையம் கட்டும் திட்டம் வந்தது. ஏறத்தாழ 50 கோடி டாலர். அதில் 25 சதவீதம் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் போக வேண்டும், பெரிய கட்டுமான நிறுவனங்கள் அவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு டெண்டர் போட வேண்டும் என்றார் ஜாக்சன். நகரத்தின் தொழில் வட்டாரமும் விமான நிறுவனங்களும் எதிர்த்தன. வேலை இழுபட்டது. செலவு ஏறும், தரம் கெடும், காலம் தவறும் என்றெல்லாம் சொன்னார்கள். ஜாக்சன் இறங்கி வரவில்லை. 1980 செப்டம்பரில் முனையம் திறக்கப்பட்டது, குறித்த காலத்தில், போட்ட மதிப்பீட்டுக்குள். அதற்குள் மாநகராட்சி ஒப்பந்தங்களில் சிறுபான்மையினரின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியிருந்தது.

இந்தக் கூட்டு ஏற்பாட்டில்தான் ஜாக்சனின் கூர்மை இருக்கிறது. கட்டுமானத் தொழிலில் ஒரு வேலை கிடைக்க, அதே அளவு வேலையை முன்பு முடித்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். அந்த முதல் வேலை கிடைக்காதவனுக்கு எந்த வேலையும் கிடைக்காது. பெரிய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தவர், எஸ்டிமேட் போடுவதைப் பக்கத்தில் இருந்தே கற்கிறார், அனுபவச் சான்றும் பெறுகிறார். உதாரணத்துக்கு, கறுப்பினக் கட்டுமானத் தொழிலதிபர் ஹெர்மன் ரஸ்ஸல். அவர் ஒரு பூச்சு வேலைக்காரரின் மகன். பதினாறு வயதில் ஒரு துண்டு நிலம் வாங்கி, நண்பர்களோடு சேர்ந்து அதில் வீடு கட்டியவர். அவருடைய நிறுவனம் விமான நிலைய வேலையில் பங்கெடுத்தது. பின்னாளில் 1996 ஒலிம்பிக் விளையாட்டரங்கைக் கட்டிய கூட்டணியிலும் இருந்தது. திறமை அவரிடம் முன்பே இருந்தது. வாசல் திறக்க ஒரு மேயர் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது.

வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் கதை வேறு விதமாக முடிந்தது. அங்கும் மக்கள்தொகையில் பாதி கறுப்பினத்தவர். ஐந்து ஆண்டுகளில் அவர்களைப் போன்ற சிறுபான்மையினருக்குப் போன நேரடி ஒப்பந்தங்கள் 0.67 சதவீதம். 1983இல் நகர மன்றம், ஒப்பந்தத் தொகையில் 30 சதவீதத்தைச் சிறுபான்மை நிறுவனங்களுக்கு சப்-கான்ட்ராக்டாகத் தர வேண்டும் என்று விதித்தது. அந்த ஆண்டே நகரச் சிறைக்குக் கழிப்பறைச் சாதனங்கள் பொருத்தும் டெண்டர் வந்தது. போட்டவர் ஒருவரே, குரோசன் நிறுவனம். சாதனங்களை வாங்கித் தர உள்ளூர்ச் சிறுபான்மை நிறுவனம் ஒன்று முன்வந்தது. ஆனால், அந்த நிறுவனத்துக்கு விலை சொல்லச் சாதன விற்பனை முகவர் ஒருவர் மறுத்துவிட்டார், குரோசனுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டதால். மற்றொருவர், கடன் தகுதியை விசாரிக்க வேண்டும், குறைந்தது 30 நாள் ஆகும் என்றார். டெண்டர் நாளோ நெருங்கிவிட்டது. பிற்பாடு அந்தச் சிறுபான்மை நிறுவனம் கொடுத்த விலையும் கூடுதலாக இருந்தது. விலக்குக் கேட்ட குரோசனுக்கு நகரம் மறுத்தது. குரோசன் வழக்குப் போட்டது.

1989 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் நகரத்தின் திட்டத்தை ரத்துசெய்தது. மக்கள்தொகையில் பாதி என்பதே பாகுபாட்டுக்கு ஆதாரமாகாது என்றது. அலாஸ்காவின் அலூட் இனத்தவரையும் எஸ்கிமோக்களையும் பட்டியலில் சேர்த்திருந்ததையும் சுட்டிக்காட்டியது. அது நகரத்தின் கவனக்குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். என் மனம் அவர் பக்கமே. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகராக இருந்த ரிச்மண்டில், பாகுபாடு நடந்ததா என்று தனியாக நிரூபிக்கச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஆனாலும் அந்த வழக்கில் என்னை விடாமல் பிடித்துவைப்பது தீர்ப்பைவிட அந்த முப்பது நாள் விசாரணைதான். அதே கடன் தகுதிக் கேள்வி வேறோர் இடத்திலும் குறுக்கே நிற்கும்: அரசுக் கட்டுமான ஒப்பந்தம் எடுக்க பாண்ட் வேண்டும். ஒப்பந்ததாரர் பாதியில் விட்டுப் போனால் நஷ்டத்தை ஏற்பதாக ஒரு காப்பீட்டு நிறுவனம் தரும் உறுதி அது. 1935ஆம் ஆண்டின் மில்லர் சட்டம் மத்திய அரசுப் பணிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. மாநிலங்களும் அதே வழியில் போயின. பாண்ட் தருபவர் சொத்தைப் பார்ப்பார், வங்கிக் கணக்கைப் பார்ப்பார், முன்பு முடித்த வேலைகளைப் பார்ப்பார். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்கடனே மறுக்கப்பட்ட நாடு அது. அப்பா வீடு வாங்க முடியாதவரின் மகன் எதை ஈடு காட்டுவான்? வேலை கிடைத்தாலும், பில் பாஸாகும் வரை வாரக் கூலியைக் கைக்காசில்தான் கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனம் மூன்று மாதம் தாங்கும். நாலு பேரை வைத்து வேலை செய்பவர் மூன்றாம் வாரமே கடனில் விழுவார். சதவீதத்தை மட்டும் எழுதிவைத்து இவற்றை விட்டுவிட்டால் என்ன நடக்கும்? சிறுபான்மைப் பெயரில் பினாமி நிறுவனங்கள் முளைக்கும். முளைத்தன.

இப்போது சதவீதத்துக்கும் இடமில்லாமல் போகிறது. 2024இல் கென்டக்கியில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் நெடுஞ்சாலைப் பணிகளில் பின்தங்கியவர்களுக்கான மத்திய அரசின் சலுகைத் திட்டத்துக்கு எதிராக, வழக்குப் போட்டவர்கள் அளவில் தடை விதித்தது. 2025 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, இனத்தையும் பாலினத்தையும் வைத்து ஒருவரைப் பின்தங்கியவராகக் கருதும் விதியையே நீக்கிவிட்டது.

ரிச்மண்டின் திட்டத்தை ரத்துசெய்த தீர்ப்பை எழுதிய நீதிபதி ஓ'கானரே, இனம் பாராமல் நகரங்கள் செய்யக்கூடியவற்றையும் எழுதியிருக்கிறார்: டெண்டர் முறையை எளிமையாக்கலாம், பாண்ட் நிபந்தனைகளைத் தளர்த்தலாம், சிறு தொழில்முனைவோருக்குப் பயிற்சியும் நிதியுதவியும் தரலாம். இதற்கு எந்த நீதிமன்றமும் குறுக்கே நிற்காது. பெரிய பணியைத் துண்டு துண்டாகப் பிரித்து விடுங்கள். சப்-கான்ட்ராக்டர்களுக்கு ஒரு வாரத்துக்குள் பணம் போய்ச்சேர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பாண்டுக்கு மாநகராட்சியே பின்னால் நின்று ஈடு கொடுக்கட்டும். பட்ஜெட் போடும் ஒவ்வொரு மேயரும் இதை அடுத்த டெண்டரிலேயே தொடங்கிவிடலாம்.