ஒரே தட்பவெப்பமா?

‘நம் மலேசியாவில் ஆண்டு முழுதும் ஒரே தட்பவெப்பம்’ என மாணவர் எழுதுகின்றனர். ஆசிரியரும் சரியெனக் குறியிடுகின்றார். இஃது அரை உண்மை. திங்களுக்குத் திங்கள் வெப்பம் பெரிதும் மாறுவதில்லை என்பது மெய்யே. ஆண்டுக்கு ஆண்டு நேரும் மாற்றத்தை என்னென்பது? பசிபிக் கடற்பரப்பு சூடேறும் எல் நினோ வந்தால் இங்கே மழை குன்றும், வெயில் ஏறும். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 பாகை செல்சியசு பதிவாயிற்று. 2014 டிசம்பரிலோ கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கிற்று. கிழக்குக் கரைக்கே உரியதென எண்ணியிருந்த டிசம்பர் வெள்ளம் 2021இல் மேற்கே ஷா ஆலமுக்கும் வந்தது. இவை எந்தச் சராசரியில் அடங்கும்?

கார், கூதிர் எனத் தமிழகத்தின் பெரும்பொழுதுகளை ஒப்பிக்கும் பிள்ளைக்கு (ஒப்பிக்கட்டும், நன்றே!) தான் நனையும் மழையின் கணக்கு வேண்டாவா? பள்ளித் திடலில் மழைமானி ஒன்று வைக்கப் பெருஞ்செலவா ஆகும்? பத்தாண்டுப் பதிவேடு சேரட்டும். அந்த வரியைப் பிள்ளைகளே அடித்துவிடுவர்.