பொறுக்கச் சொல்பவர் கணக்குக் காட்டட்டும்

கிராபிக்ஸ் கார்டை இன்று வாங்குகிறவன் ஏமாளி, அடுத்த தலைமுறை வரும்வரை பொறுத்திருப்பவனே கெட்டிக்காரன் என்று நண்பர் அடித்து எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே காசுக்கு இருமடங்கு வேகம் கிடைக்கும் என்பதுதான் அவர் வாதத்தின் அஸ்திவாரம். அது பொய். எழுத உட்காரும் முன் பழைய விலைப்பட்டியல்களை ஒருமுறை புரட்டியிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். அவர் பேச்சை நம்பிக் காசைப் பூட்டிவைக்கப் போகிறவர்கள் மாணவர்களும் சிறுதொழில் செய்பவர்களும் என்பதால் சும்மா விட முடியவில்லை.

2017 மார்ச்சில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 11 ஜிபி நினைவகத்தோடு 699 டாலருக்கு வந்தது. நண்பர் சொன்னபடி ஒருவர் அப்போது பொறுத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஆண்டு கழித்து அவருக்குக் கிடைத்தது ஆர்டிஎக்ஸ் 2080. தொடக்க விலை அதே 699 டாலர். வேகமும் ஏறக்குறைய அதேதான். நினைவகமோ 8 ஜிபியாகக் குறைந்திருந்தது. ரே டிரேசிங் புதிதாக வந்தது உண்மை. ஆனால் கார்டு விற்பனைக்கு வந்த நாளில் அதைப் பயன்படுத்தும் பெரிய கேம் ஒன்றுகூட இல்லை. ஒன்றரை ஆண்டுப் பொறுமைக்கு இதுவா கூலி?

அடுத்த சுற்று இன்னும் கொடுமை. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080ஐயும் 699 டாலர் என்றே அறிவித்தார்கள். இந்த முறை வேகம் நிஜமாகவே எகிறியிருந்தது. நண்பரின் கணக்குக்கு அருகில் வந்த சுற்று இதுதான், அதுவும் காகிதத்தில். கார்டு கடைக்கு வந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. பெருந்தொற்றுக்காலத் தட்டுப்பாடும், கார்டுகளை வைத்துக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் எத்தீரியம் மைனிங்கும் சேர்ந்துகொள்ள, வெளிச்சந்தையில் விலை இருமடங்குக்கு மேல் போனது. அறிவிப்பைக் கேட்ட சூட்டில் கையிலிருந்த 2080 டிஐயைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்கள், பழையதும் இல்லாமல் புதியதும் கிடைக்காமல் மாதக்கணக்கில் நின்றார்கள். 2023இல் வந்த 4060 டிஐ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டரை ஆண்டு முந்தைய 3060 டிஐயின் அதே 399 டாலர், அதே 8 ஜிபி. மெமரி பஸ் மட்டும் 256 பிட்டிலிருந்து 128ஆகச் சுருங்கியிருந்தது. சில கேம்களில், உயர்ந்த ரெசல்யூஷனில், பழைய கார்டிடமே தோற்றது.

இன்னொன்று, நண்பர் டாலரிலேயே கணக்குப் போடுகிறார். நாம் ரூபாயில் வாங்குகிறோம். 2017 மார்ச்சில் ஒரு டாலர் சுமார் 65 ரூபாய். 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. அமெரிக்காவில் 699 டாலர் அசையாமல் நின்றாலே நமக்கு 45,000 ரூபாய் 63,000 ஆகிவிடுகிறது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சென்னை ரிச்சி தெருவில் விலை கேட்டு நிற்கிறவரிடம் ‘இன்னும் இரண்டு வருஷம் பொறு’ என்பவருக்கு இந்த ஏற்றம் கண்ணில் படவே இல்லையா?

இதையெல்லாம்கூட அறியாமை என்று விடலாம். ‘தேவை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் ஆசைதான்’ என்று எழுதியிருக்கிறாரே, அதை விட முடியாது. எனக்குத் தெரிந்த கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர் 4 ஜிபி கார்டில் வேலை செய்கிறார். கேமராக்காரர்கள் எல்லோரும் 4கேயில் எடுத்துக் கொடுக்கிறார்கள். தாலி கட்டும் காட்சிக்கு மூன்று கேமரா கிளிப்புகளை டைம்லைனில் அடுக்கி, நிறம் திருத்தி, இருட்டு மண்டபத்தின் நாய்ஸைக் குறைக்கப் போனால் ஜிபியூ நினைவகம் நிரம்பிவிட்டது என்று திரையில் வந்து நிற்கும். உடனே எல்லாக் கிளிப்புக்கும் சிறிய பிராக்ஸி செய்து, அதில் வெட்டி, ராத்திரி ரெண்டருக்குப் போட்டுவிட்டுப் படுக்கிறார். காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். மணப்பெண் வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணி பிறந்தால் வேலை குவியும். அவர் கார்டு மாற்ற வேண்டியது அந்த ஆடியில். என்விடியா எப்போது எதை அறிவிக்கும் என்று பார்த்துக்கொண்டு ஒரு முகூர்த்தக் காலத்தை இழந்தால், அடுத்த தலைமுறையில் மிச்சமாகும் என்று நண்பர் சொல்லும் ஐயாயிரமோ பத்தாயிரமோ அதற்கு ஈடாகுமா? வயிற்றுப்பாட்டுக்கு வாங்கும் கருவியை ஆசை என்று எழுத அவருக்கு எப்படி மனம் வந்தது?

பொறுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று, கார்டு விலையை ஏற்றிவிட்ட எத்தீரியம் மைனிங் முடிவுக்கு வந்தது. அது வருவது முன்பே தெரிந்திருந்ததால் பொறுத்தவர்கள் லாபம் பார்த்தார்கள். மாடலும் விற்பனைத் தேதியும் அறிவித்தாகிவிட்டது என்றால் சில வாரம் பொறுப்பது நியாயம். ஃபுல் எச்டி மானிட்டரில் விளையாடும் கேம் தடங்கலின்றி ஓடுகிறது என்றால் வாங்கவே வேண்டாம். எஸ்எம்பிஎஸ் 450 வாட்தான் என்றால், பெரிய கார்டுக்கு அதையும் சேர்த்து மாற்றும் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றையாவது நண்பர் தொட்டாரா? எல்லோருக்கும் ஒரே மருந்தாகப் ‘பொறு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

விலை இறங்கியே தீரும் என்ற அவர் நம்பிக்கைக்கு இன்றைய சந்தையில் ஆதாரமே இல்லை. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் டேட்டா சென்டர் வருமானம் ஏறக்குறைய 11,500 கோடி டாலர்; கேமிங்கில் 1,100 கோடி சொச்சம். யாருக்காக இனி சிப் செய்வார்கள் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. மெமரியும் அதே பக்கம் ஓடுகிறது. சில்லறை வாடிக்கையாளருக்கான குரூஷியல் வியாபாரத்தை மூடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது; செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையையே காரணமாகச் சொன்னது. கார்டின் மேல் இருக்கும் மெமரியும் அதே சில நிறுவனங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

நண்பர் மறுபடி எழுதுவார் என்று தெரியும். எழுதும்போது எந்த மாடலுக்காகப் பொறுக்க வேண்டும், அது எந்த மாதம் சென்னைக் கடைக்கு வரும், ஜிஎஸ்டி சேர்த்து ரூபாயில் என்ன விலை, அதுவரை அந்த எடிட்டர் எதை வைத்து ஆவணி முகூர்த்த வேலையை முடிப்பது என்று எழுதட்டும்.